பிப்ரவரி 29-ம் உங்கள் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் திரையின் வலது கீழ் மூலையில் தேதியும் நேரமும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, நான்கு நாள் கழித்து மீண்டும் இயக்கினாலும் சரியான தேதியையே காட்டும். பிப்ரவரி 28-க்குப் பிறகு 29 வர வேண்டுமா, மார்ச் 1 வர வேண்டுமா என்பதும் அதற்குத் தெரியும். நாம் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது? இதில் தவறே வராதா? வரும். பெரிய நிறுவனங்களின் புரோகிராம்களிலேயே வந்திருக்கிறது. சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறேன். என் அனுபவத்தில், எளிது என்று நினைத்து ஏமாறுகிற இடங்களில் தேதிக் கணக்கும் ஒன்று. லீப் வருடம், லீப் செகண்ட் இரண்டையும் கம்ப்யூட்டர் எப்படிக் கையாளுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

லீப் வருடம் எதற்கு?

பூமி சூரியனை ஒருமுறை சுற்றிவர 365 நாட்களும் சுமார் 5 மணி 48 நிமிடம் 46 நொடிகளும் ஆகின்றன. மீதமுள்ள இந்த நேரத்தை விட்டுவிட்டால் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு நாள் பின்தங்கிவிடும். எனவேதான் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாளைச் சேர்க்கிறோம். ஜூலியஸ் சீசர் காலத்து ரோமானியக் காலண்டரில் இந்த ஏற்பாடு வந்தது.

ஆனால் கூடுதல் நேரம் முழுதாக 6 மணி இல்லை. 11 நிமிடத்திற்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. இந்தச் சிறு வித்தியாசம் 400 ஆண்டுகளில் மூன்று நாட்களாகச் சேர்ந்துவிடும். 1582-ல் போப் 13-ம் கிரிகோரி காலண்டரைத் திருத்தியபோது பத்து நாட்கள் தாவப்பட்டன. அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. அந்தத் திருத்தத்துடன் வந்த விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

விதி இதுதான்:

1. ஆண்டு 4-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் லீப் வருடம் இல்லை.
2. வகுபட்டாலும், அது 100-ஆலும் வகுபட்டால் லீப் வருடம் இல்லை.
3. 100-ஆல் வகுபட்டாலும், 400-ஆலும் வகுபட்டால் அது லீப் வருடம்தான்.

2024 லீப் வருடம். 1900 இல்லை. 2000 லீப் வருடம். 2100 இல்லை. ஒரு தாளை எடுத்து நீங்கள் பிறந்த ஆண்டை இந்த மூன்று படிகளிலும் போட்டுப் பாருங்கள். எந்த புரோகிராமிலும் லீப் வருடச் சோதனை என்பது இந்த மூன்று கேள்விகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் விதியை மட்டும் தெரிந்து புரோகிராம் எழுதியவருக்கு 2000-ம் ஆண்டில் விடை சரியாகவே வந்தது. மூன்று விதிகளும் தெரிந்தவருக்கும் சரியாக வந்தது. முதல் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டு மூன்றாவதை விட்டவருக்குத்தான் தவறியது. 2000-ல் பிப்ரவரி 29 கிடையாது என்று அவருடைய புரோகிராம் முடிவு செய்துவிட்டது. அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

மதர்போர்டில் ஒரு கடிகாரம்:

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் வட்டமாக, நாணயம் போன்ற சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகை, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது இதுதான். இதனுடன் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம் ஒன்று வேலை செய்கிறது. ஏன் இந்த எண்? இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். அதுதான் ஒரு நொடி. கைக்கடிகாரங்களிலும் இதே படிகம்தான்.

பழைய பெர்சனல் கம்ப்யூட்டர்களில் இருந்த கடிகார சிப் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எண்ணியது. 4-ஆல் வகுபட்டால் லீப் வருடம் என்பதே அதற்குத் தெரிந்த விதி. 1901 முதல் 2099 வரை இந்த ஒரு விதியே போதும். இடையில் வரும் ஒரே நூற்றாண்டு ஆண்டான 2000, 400-ஆல் வகுபடுகிறது. 2100-ல்தான் இந்த விதி தவறும்.

எக்ஸெல் சொல்லும் பொய்த் தேதி:

கம்ப்யூட்டர் தேதியை நம்மைப் போல நாள், மாதம், ஆண்டு என்று வைத்துக் கொள்வதில்லை. ஏதோ ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு அதிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். தேதியாகக் காட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் மாற்றித் தரும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து ஒரு செல்லில் 60 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பின் அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் டேட் என்ற பிரிவில் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். விண்டோஸ் எக்ஸெல்லின் வழக்கமான அமைப்பில் 60 என்ற எண் 1900-ம் ஆண்டு பிப்ரவரி 29 என்று மாறும்.

சற்று முன் பார்த்த விதியை நினைத்துப் பாருங்கள். 1900 லீப் வருடம் இல்லை. அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை!

எக்ஸெல்லுக்கு முன்பு லோட்டஸ் 1-2-3 என்ற புரோகிராம் அலுவலகங்களில் கொடிகட்டிப் பறந்தது. அதில் 1900 லீப் வருடமாகக் கணக்கிடப்பட்டிருந்தது. லோட்டஸ் ஃபைல்களை அப்படியே திறந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அந்தத் தவறையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. பிறகு திருத்த முடியவில்லை. திருத்தினால் உலகெங்கும் உள்ள ஒர்க் ஷீட்களில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும். இதனால் 1900 மார்ச் 1-க்கு முந்தைய தேதிகளுக்கு எக்ஸெல் காட்டும் கிழமை தவறாக இருக்கும். 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கட்கிழமை. எக்ஸெல் ஞாயிறு என்கிறது. அதன் பிறகுள்ள தேதிகளில் பிரச்னை இல்லை.

லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துபவர்கள் அதிலும் 60 கொடுத்துப் பாருங்கள். 1900 பிப்ரவரி 28 என்று வரும். எண்ணிக்கையை 1899 டிசம்பர் 30-ல் தொடங்கி, இல்லாத நாளைத் தவிர்த்திருக்கிறார்கள். மார்ச் 1 முதல் இரண்டு புரோகிராம்களும் ஒத்துப்போகும்.

ஒரு வருடம் கழித்து எந்த நாள்?

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. 29-2-2024-க்கு ஒரு வருடம் கழித்து எந்தத் தேதி? பிப்ரவரி 28 என்று சிலர் சொல்வார்கள். மார்ச் 1 என்று சிலர் சொல்வார்கள். எக்ஸெல்லே இரண்டு விடை தருகிறது. மாதங்களைக் கூட்டித் தரும் ஈடேட் என்ற ஃபங்ஷனில் 12 மாதம் கூட்டினால் 28-2-2025 கிடைக்கும். டேட் என்ற ஃபங்ஷனில் ஆண்டுடன் 1 கூட்டி, மாதத்தையும் நாளையும் அப்படியே கொடுத்தால் 1-3-2025 கிடைக்கும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு நிதி நிறுவனத்தின் டெபாசிட் புரோகிராமில் இதே சிக்கல் எங்கள் குழுவுக்கு வந்தது. ரசீது அச்சிடும் பகுதியை ஒருவர் எழுதியிருந்தார்; வட்டி கணக்கிடும் பகுதியை வேறொருவர் எழுதியிருந்தார். 29-2-2024 அன்று ஓராண்டுக்குப் பணம் போட்ட பெரியவருக்கு ரசீதில் முதிர்வுத் தேதி 28-2-2025 என்று இருந்தது. அவர் அந்த நாளில் பணம் எடுக்கப் போனபோது, வட்டிப் பகுதி முதிர்வு மார்ச் 1 என்று சொன்னது. ஒரு நாள் முன்பே டெபாசிட்டை முறிப்பதாகக் கணக்கிட்டு வட்டியைக் குறைத்துவிட்டது. கையில் ரசீதை வைத்துக்கொண்டு அவர் கவுண்ட்டரில் வாதாட வேண்டியிருந்தது. பிறகு வட்டியை முழுமையாகக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பகுதிகளும் ஒரே ஃபங்ஷனைப் பயன்படுத்தும்படி நாங்கள் புரோகிராமை மாற்றினோம்.

கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று கவுண்ட்டரில் இருந்தவர் நம்பினார். அதில் தவறு காண முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் சொல்வது, அதை எழுதியவர் சொல்லிக் கொடுத்ததைத்தான். பிப்ரவரி 29-ல் தொடங்கும் டெபாசிட், இன்சூரன்ஸ், உறுப்பினர் அட்டை எதுவாக இருந்தாலும் முடியும் தேதியை நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பெரியவர்களும் தவறிய இடங்கள்:

நியூசிலாந்தில் டிவாய் பாயின்ட் என்ற இடத்தில் அலுமினிய உருக்காலை இருக்கிறது. 1996-ம் ஆண்டு முடிவில் ஒரு நள்ளிரவில் அதன் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் நின்றன. ஆண்டுக்கு 366-வது நாளும் உண்டு என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள பெல் பே ஆலையிலும் இதே நடந்தது. அங்கே நள்ளிரவு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஸூன் என்ற மியூசிக் பிளேயரில் 30 கிகாபைட் மாடல் 2008 டிசம்பர் 31 அன்று உலகெங்கும் உறைந்து நின்றது. அதன் கடிகாரப் பகுதி 1980 ஜனவரி 1 முதல் கடந்த நாட்களை எண்ணி, எந்த ஆண்டு என்று இப்படிக் கண்டுபிடித்தது:

1. மீதமுள்ள நாட்கள் 365-க்கு மேல் இருக்கிறதா? இல்லை என்றால் நிறுத்து.
2. இருந்தால், அது லீப் வருடமா என்று பார்.
3. லீப் வருடம் இல்லை என்றால் 365-ஐக் கழி. ஆண்டில் ஒன்றைக் கூட்டு.
4. லீப் வருடம் என்றால், நாட்கள் 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழி. ஆண்டில் ஒன்றைக் கூட்டு.
5. மீண்டும் முதல் படிக்குப் போ.

2008-ன் கடைசி நாளில் மீதம் சரியாக 366. முதல் படியில் 366 என்பது 365-ஐ விட அதிகம், எனவே உள்ளே போகிறது. லீப் வருடம்தான். நான்காவது படியில் 366 என்பது 366-ஐ விட அதிகமா? இல்லை. எனவே எதையும் கழிக்காமல் முதல் படிக்குத் திரும்புகிறது. அங்கும் அதே 366. செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முடிவில்லாத லூப் என்று புரோகிராமர்கள் சொல்வது இதைத்தான். பேட்டரி முழுதும் தீரும் வரை விட்டு, மறுநாள் லண்டன் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் செய்து இயக்குங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

2010 மார்ச் 1 அன்று சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 3 மாடல்கள், 2010-ஐ லீப் வருடம் என்று நினைத்துத் தடுமாறின. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் சேவை தடைப்பட்டது. பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள் தர ஆண்டுடன் 1 கூட்டியபோது, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் வந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் ஊழியர் இல்லாமல் கார்டு மூலம் இயங்கும் பெட்ரோல் பம்புகள் பல பணம் வாங்க மறுத்தன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பரீட்சை வருவதால், இந்தத் தவறுகள் அதுவரை கண்ணில் படுவதில்லை.

இனி லீப் செகண்ட்:

லீப் வருடம் பூமி சூரியனைச் சுற்றுவதால் வருகிறது. லீப் செகண்ட் பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருகிறது. அணுக் கடிகாரங்கள் மிகத் துல்லியமானவை. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் சேர்ந்தால் ஒரு நொடி. பூமியின் சுழற்சி அவ்வளவு சீராக இல்லை. இரண்டும் ஒரு நொடிக்கு மேல் விலகாமல் இருக்க, 1972 முதல் அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு நொடியைச் சேர்த்து வந்தார்கள். எப்போது சேர்ப்பது என்பதைப் பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு ஒன்று முன்கூட்டியே அறிவிக்கும். 1972 ஜூன் 30-ல் தொடங்கி 2016 டிசம்பர் 31 வரை 27 லீப் செகண்டுகள் சேர்க்கப்பட்டன.

லீப் செகண்ட் உலக நேரப்படி நள்ளிரவில் வருவதால் நமக்கு அது காலை 5.30 மணி. கடைசியாகச் சேர்த்தபோது இந்தியாவில் 2017 ஜனவரி 1. கடிகாரம் 5:29:59-க்குப் பின் 5:29:60 என்று காட்டி, அதன் பிறகே 5:30:00 ஆக வேண்டும்.

60 என்ற நொடி கம்ப்யூட்டருக்குப் பெரிய தலைவலி. லினக்ஸ் போன்ற சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. உதாரணமாக, 2000 ஜனவரி 1 உலக நேர நள்ளிரவுக்கு இந்த எண் 94,66,84,800. இதை 86,400-ஆல் வகுத்தால் 10,957 நாட்கள் மீதியின்றி வரும். ஒரு நாளைக்கு எப்போதும் 86,400 நொடிகள் என்பது இந்த முறையின் அடிப்படை. 86,401-வது நொடிக்கு இடமே இல்லை. எனவே லினக்ஸ் 59-வது நொடியை இரண்டு முறை எண்ணிச் சமாளிக்கும். அதாவது கடிகாரம் ஒரு நொடி பின்னால் போகும்.

கடிகாரம் பின்னால் போனால் என்ன? முதல் 59-வது நொடியில் 59.8-க்கு ஒரு வேலை தொடங்குகிறது. அரை நொடி கழித்து அது முடிகிறது. ஆனால் அப்போது கடிகாரம் 59.3 காட்டுகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்துப் பார்த்தால் மைனஸ் 0.5 நொடி! தொடங்கும் முன்பே வேலை முடிந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது. 2017 புத்தாண்டு தொடக்கத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் புரோகிராம் ஒன்று இப்படி மைனஸ் எண்ணைச் சந்தித்து நின்றது. இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் அதன் சேவையில் ஒரு பகுதி தடைப்பட்டது. அதற்கு முன் 2012 ஜூன் 30 லீப் செகண்டில் லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு தவறால் ரெட்டிட் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் சிஸ்டம் நின்று விமானங்கள் தாமதமாயின.

கூகுள் இதற்கு ஒரு வழி கண்டது. கூடுதல் நொடியை ஒரே இடத்தில் திணிக்காமல் 24 மணி நேரத்தில் பரப்பிவிடுவது. அந்த ஒரு நாள் முழுவதும் ஒவ்வொரு நொடியும் மிக மிகச் சிறிதளவு நீளும். எந்த நொடியும் இரண்டு முறை வராது. பாலில் சர்க்கரையைக் கரைப்பது போல.

2022 நவம்பரில் எடைகள் மற்றும் அளவைகளுக்கான சர்வதேச மாநாடு, 2035-க்குள் ஒரு நொடி என்ற வரம்பைத் தளர்த்த முடிவு செய்தது. அது நடைமுறைக்கு வந்தால் லீப் செகண்ட் நம் காலத்தில் தேவைப்படாது. லீப் வருடத்துக்கு ஓய்வு இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்குவேஜ், பின் டேட் அண்ட் டைம் தேர்ந்தெடுங்கள். செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி என்பது ஆன் ஆக இருக்கட்டும். ஸிங்க் நவ் பட்டனில் கிளிக் செய்தால் இணையம் வழியாகச் சரியான நேரம் கிடைக்கும். லீப் செகண்டைப் பற்றி நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

2. கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டரை நிறுத்தி, மின்சார இணைப்பைக் கழற்றிய பிறகே மாற்ற வேண்டும். பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். செலவு அதிகம் ஆகாது.

3. தேதி தவறாக இருந்தால் வங்கித் தளங்கள் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வரலாம். அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது என்று பிரவுசர் நினைப்பதே காரணம். எச்சரிக்கையை மீறி உள்ளே போகாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

4. எக்ஸெல்லில் ஒரு செல்லில் 28-2-2024, அடுத்த செல்லில் 1-3-2024 கொடுத்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். விடை 2 வர வேண்டும். 2023-க்கு அதையே செய்தால் 1 வரும். எத்தனை நாள் வட்டி என்பதை இப்படி நீங்களே கணக்கிடலாம்.

5. பழைய 32 பிட் புரோகிராம்களையும் கருவிகளையும் நம்பித் தொழில் நடத்துபவர்கள் 2038 ஜனவரி 19-ஐக் குறித்து வையுங்கள். 1970 முதல் எண்ணும் நொடிகள் அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு 2,14,74,83,647-ஐ எட்டும். 32 பிட்டில் அதற்கு மேல் எண்ண இடமில்லை. அடுத்த நொடி கணக்கு 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். 64 பிட்டில் எண்ணும் புதிய சிஸ்டங்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை.

அடுத்த பிப்ரவரி 29, 2028-ல் வருகிறது. அன்று நீங்கள் பயன்படுத்தும் கணக்கு புரோகிராமில் ஒரு பில் போட்டு, அதன் தேதியையும் ஒரு மாதக் கெடு தேதியையும் சரி பாருங்கள். இரண்டே நிமிட வேலைதான். தவறு இருந்தால் புரோகிராம் தந்தவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அது 2032-ல்தான் மறுபடி தலைகாட்டும்.